கம்பத்தை வாங்கும் முன் கூரையைப் பாருங்கள்

வீட்டுக்குள்ளேயே நிறுத்தி ஏறிப் பழகிவிட்டு, பழகி முடிந்ததும் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடக்கூடிய நடனக் கம்பம் ஒன்று வேண்டும் என்ற விருப்பம் பெருநகரங்களின் உடற்பயிற்சிக் கூடங்களோடு நின்றுவிடக்கூடியதன்று. கைப்பேசித் திரையில் அந்த வித்தையைக் கண்டு, அதன் லாவண்யத்தில் மனத்தைப் பறிகொடுத்து, நமக்கும் இது கைகூடாதா என்று ஏங்கும் இளம்பெண்கள், தீப்பெட்டியும் பட்டாசும் சோறு போடுகின்ற சாத்தூர், சிவகாசி, ஏழாயிரம்பண்ணை வட்டாரத்திலும் இருக்கத்தான் செய்வார்கள். அவர்களுடைய ஆசை நியாயமானது. கையிலிருக்கும் பணமோ சொற்பமானது. வெளிநாட்டிலிருந்து வருகிற தரமான கம்பம் ஒன்றின் விலை, சுங்கத்தையும் ஏற்றுகூலியையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு தொழிலாளியின் சில மாதக் கூலியை விழுங்கிவிடும். ஆகவே, எந்த அம்சத்தில் சிக்கனம் பிடிக்கலாம், எந்த அம்சத்தில் பிடிக்கவே கூடாது என்பதை ஆர அமர ஆலோசித்த பிறகே பணத்தை எண்ணி வைக்க வேண்டும்.

கம்பத்தைப் பற்றி ஆடுவது மேல்நாட்டு இரவு விடுதிகளின் கேளிக்கையல்லவா, குடும்பப் பெண்களுக்கு அது எதற்கு என்று கேட்கும் பெரியவர்களுக்கு முதலில் மரியாதையோடு ஒரு பதில் சொல்லிவிட வேண்டும். விடுதிகளில் அது இருந்தது உண்மையே. ஆனால் கம்பத்தில் ஏறி, முழங்கால் மடிப்பிலும் தொடையிடுக்கிலும் பிடித்துக்கொண்டு, கைகளை விட்டுத் தலைகீழாகத் தொங்கும் அப்பியாசம் நம் தேசத்துக்குப் புதியதன்று. மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12-ஆம் நூற்றாண்டில் இயற்றிய ‘மானசோல்லாசம்’ என்னும் வடமொழி நூலிலேயே மல்லர்கள் கம்பத்தில் பழகிய செய்தி வருகிறது. இடையில் மங்கிப்போன அந்த வித்தைக்கு, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் ஆசிரியராக விளங்கிய பாலம்பட்ட தாதா தேவ்தர் மறுபடியும் உயிர் கொடுத்தார். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக் நடந்தபோது, அமராவதியிலுள்ள ஹனுமான் வியாயாம பிரசாரக் மண்டலத்தைச் சேர்ந்த வீரர்கள் அதை அங்கே செய்து காட்டினார்கள். 1981-இல் அதற்கென்று அகில இந்தியச் சம்மேளனம் அமைந்தது; 2013-இல் மத்தியப் பிரதேச அரசு அதைத் தன் மாநில விளையாட்டாக அறிவித்தது; 2019-இல் முதல் உலகப் போட்டி மும்பையில் நடைபெற்றது. மல்லர் கம்பம் என்ற பெயரில் தமிழ்நாட்டில் அது வேரூன்றிய ஊர் விழுப்புரம். உலகதுரை என்னும் பயிற்சியாளரின் அயராத பிரயாசையால் அங்கே எளிய குடும்பத்துச் சிறுவர் சிறுமியர் பலர் அதில் தேர்ச்சி பெற்றனர். உருக்குக் கம்பத்தில் பழகும் மேல்நாட்டாரும் 2009-இல் தமக்கென ஒரு சர்வதேசச் சம்மேளனம் கண்டு, ஆட்டத்துக்கு விதிகளும் மதிப்பெண் முறையும் வகுத்துக்கொண்டு, 2017-இல் உலக விளையாட்டுச் சம்மேளனங்களின் பொது மன்றத்தில் பார்வையாளர் ஸ்தானமும் பெற்றுவிட்டனர். திருவிழாவில் வழுக்கு மரம் ஏறுகிற இளைஞனைக் கைதட்டி வரவேற்கிற ஊர், தன் பெண் பிள்ளை கம்பம் ஏறுவதைக் கண்டு முகம் சுளிக்க நியாயம் இல்லை என்பதே என் திடமான அபிப்பிராயம்.

இனி, கழற்றி வைக்கத்தக்க கம்பம் எவ்வாறு நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். இது தெரியாமல் வாங்குகிறவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். புது வீட்டுக்குத் தளம் போடும்போது, சென்ட்ரிங் பலகைக்கு அடியில் இரும்பு ஜாக்கிகளை நிறுத்தி, திருகை முறுக்கி முட்டுக் கொடுப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வீட்டு நடனக் கம்பமும் அந்த முட்டைப் போன்றதுதான். கம்பத்தின் அடியிலுள்ள திருகை முறுக்க முறுக்க அது நீண்டு, மேலே ஒரு வட்டத் தட்டும் கீழே ஒரு பாதமுமாகத் தளத்தையும் தரையையும் நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது. ஆணி இல்லை, துளை இல்லை, அழுத்தமும் உராய்வுமே அதன் பிடிமானம். ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஜாக்கியின் தலையில் ஈரக் காங்கிரீட்டின் பாரம் முழுவதும் நேர் கீழாக அழுத்திக்கொண்டிருப்பதால் அது அசையாது நிற்கிறது. நடனக் கம்பத்தின் மீதோ அப்படிப்பட்ட பாரம் எதுவும் இல்லாததோடு, ஆடுகிறவர் அதைப் பக்கவாட்டில் இழுக்கிறார், சுழல்கிறார், எட்டிப் பாய்ந்து பற்றுகிறார். ஐம்பது கிலோ எடையுள்ள பெண் ஓடி வந்து கம்பத்தைப் பற்றிச் சுழலும்போது அதன் மீது விழும் விசை அவள் எடையைக் காட்டிலும் மிகுதியானது. அது விழுவதும் கம்பத்துக்குக் குறுக்காக. மேல்தட்டு ஓர் அங்குலம் நழுவினாலும் கனத்த உருக்குக் குழாய் அவள் மேலேயே சாய்ந்துவிடும். கம்பம் வாங்குவது என்பது உண்மையில் கூரையைத் தேர்வதுதான் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுவே.

நம் வட்டாரத்து வீடுகளை இந்தக் கண்ணோடு பார்ப்போம். சிமெண்ட் ஷீட் வேய்ந்த வீடு, தகரக் கொட்டகை, ஓட்டு வீடு ஆகிய மூன்றிலும் அழுத்திப் பிடிக்கும் கம்பத்துக்கு இடமே கிடையாது. திருகை முறுக்கினால் கூரைதான் மேலே கிளம்பும். மரச்சட்டம் போட்டுச் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை பூசிய பழைய மச்சு வீடுகளிலும் கூடாது. அந்த மச்சு கீழ்நோக்கிய பாரத்தைத் தாங்குவதற்குக் கட்டப்பட்டதேயன்றி, கீழிருந்து மேலே நெம்பப்படுவதற்கு அன்று. அழகுக்காக ஜிப்சம் பலகையால் அமைத்த பொய்க்கூரையும் அப்படியே. எஞ்சுவது கம்பி கட்டிப் போட்ட காங்கிரீட் தளம் ஒன்றே. குடிசைகளுக்குப் பதிலாகக் காங்கிரீட் வீடு கட்டித் தரும் அரசுத் திட்டங்கள் பலவற்றால் அத்தகைய தளம் ஏழைகளுக்கும் கிடைத்திருக்கிறது என்பது மகிழ்ச்சிக்குரிய விஷயம். எனினும் 2011-இல் தொடங்கிய பசுமை வீடு திட்டத்து இல்லம் ஒன்றின் மொத்தப் பரப்பே 300 சதுர அடிதான் என்பதை மறந்துவிடலாகாது. கையையும் காலையும் முழுவதும் நீட்டிச் சுழல்வதற்குக் கம்பத்தைச் சுற்றி எப்புறமும் ஏறத்தாழ ஐந்தடி வெற்றிடம் வேண்டும். அந்த அளவு இடம் அவ்வீட்டின் முன்னறையில் கட்டிலையும் பீரோவையும் அப்புறப்படுத்தினாலன்றிக் கிடைப்பது அரிது. பரணின் விளிம்பும், சுவரலமாரியின் மூலையும், எல்லாவற்றுக்கும் மேலாக மின்விசிறியும் அந்த வட்டத்துக்குள் வரவே கூடாது.

காங்கிரீட் தளமானாலும் எல்லா இடமும் ஒன்றாகாது. உறவினர் வீடொன்றில், கம்பம் நிறுத்த விரும்பிய பெண்ணுக்காகக் கொத்தனார் ஒருவர் இதைச் சோதித்துக் காட்டியதை நான் அருகிலிருந்து கவனித்தேன். முக்காலியின் மேல் ஏறி நின்று, கரணையின் காம்பால் தளத்தை ஒவ்வொரு சாணாகத் தட்டிக்கொண்டே வந்தார். சில இடங்களில் ‘டக் டக்’ என்று கெட்டியான ஓசை. ஓரிடத்தில் மட்டும் ‘பொத் பொத்’ என்று வெற்று ஓசை. அங்கே விரலை வைத்து, “தாயி, இங்கன பூச்சு விட்டிருக்கு. இங்க முட்டுக் கொடுத்தா பூச்சோட சேர்ந்து கம்பமும் வந்துரும். அந்தா இருக்குல்ல பீமு, அதுக்கு நேர் கீழ வையி” என்றார். “அங்க வச்சா ஃபேன் இடிக்குமே மாமா?” என்று அந்தப் பெண் கேட்டாள். “ஃபேனை மாத்த அரை நாள் போதும் தாயி. கழுத்துல அடிபட்டா எந்த வைத்தியர்ட்ட போவ?” என்று அவர் சொல்லிக் கீழே இறங்கினார். பிறகு தூக்குக்குண்டை நூலில் விட்டு, உத்திரத்தின் நடுப்புள்ளிக்கு நேர் கீழே தரையில் சாக்கட்டியால் குறி போட்டார். தரையையும் அதே காம்பால் தட்டிப் பார்த்தார். டைல்ஸின் அடியில் கலவை நிரம்பாமல் பொள்ளலாக இருந்தால் அழுத்தத்தில் அது விரிந்துபோகும். எத்தனை விலை கொடுத்து வாங்கிய கம்பத்திலும் கிடைக்காத பத்திரத்தை அந்தக் கால் மணி நேரச் சோதனை அளித்தது. கொத்தனாருக்குக் கொடுக்கும் கூலியை வீண் செலவு என்று எவரும் எண்ண வேண்டாம்.

உத்திரத்தின் கீழே கம்பத்தை நிறுத்துவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான வீட்டுக் கம்பங்கள் ஏறத்தாழ ஏழேகால் அடி முதல் ஒன்பது அடி உயரம் வரைதான் நீளும். நம் பக்கத்துத் தளங்களோ பத்தடி உயரம். இந்த ஓர் அடிக் குறையை நிரப்புவதற்கு நீட்டிப்புத் துண்டு ஒன்றைத் தனியே விலைக்கு வாங்க வேண்டியிருக்கும்; விளம்பரத்தில் கண்ட விலையை மட்டும் மனத்தில் வைத்துப் பணம் சேர்த்தவர்களுக்கு இது கடைசி நேரத்து இடி. உத்திரம் தளத்தைவிடத் தாழ்ந்து இறங்கியிருப்பதால், அதன் அடியில் அளந்தால் சில வீடுகளில் நீட்டிப்பே தேவைப்படாது. ஆனால் கம்பத்தின் மேல்தட்டு எவ்வளவு அகலம் என்று வாங்குமுன் கேட்டறிவது முக்கியம். நம் வீட்டு உத்திரம் பெரும்பாலும் ஒன்பது அங்குல அகலமுள்ளது. தட்டு அதைவிட அகன்றதாயின் இரு ஓரங்களும் அந்தரத்தில் நிற்கும், பிடிமானம் பாதியாகிவிடும். அப்படியானால் உத்திரத்தை விட்டுவிட்டு, கெட்டியான தளத்தையும் நீட்டிப்புத் துண்டையும் நாடுவதே முறை.

கம்பத்துக்கு வருவோம். பருமன் பல உண்டு. சர்வதேசப் போட்டிகளில் உபயோகிப்பது 45 மில்லிமீட்டர் விட்டமுள்ளது. 50 மில்லிமீட்டரும் வழக்கில் இருக்கிறது. நம் பெண்களின் கைகள் பெரும்பாலும் சிறியவையாதலால் 45 மில்லிமீட்டரே பொருத்தம். உள்ளங்கை நன்றாகச் சுற்றிப் பிடிக்கும். கம்பம் நிலையாக நிற்பது ஒரு வகை, பேரிங் வைத்துத் தானே சுழல்வது மற்றொரு வகை. இரண்டும் ஒன்றிலேயே அமைந்தவை விலை கூடியவை. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நிலைக்கம்பமே வேண்டுவது. அதில் உடலைத் தூக்கி நிறுத்தும் பலம் வந்த பிறகே சுழல் கம்பம் பயன் தரும். ஆகவே இங்கே தாராளமாகச் சிக்கனம் பிடிக்கலாம். மேற்பூச்சு விஷயத்திலும் பணத்தைவிட உடல்வாகே வழிகாட்டி. பரவலாகக் கிடைப்பது குரோமியப் பூச்சு. சிலருக்குப் பூச்சின் அடியிலிருக்கும் நிக்கல் தோலில் அரிப்பை உண்டாக்கும்; மலிவான காதணி போட்டுப் புண்ணாகிற காதுடையவர்கள் இதில் எச்சரிக்கையாக இருந்து, பவுடர் கோட்டிங் செய்ததை வாங்குவது உத்தமம். கை வியர்க்கிறவர்களுக்குப் பித்தளை நன்கு பிடிக்கும். ஆனால் விலையும் அதிகம், களிம்பும் ஏறும். சிலிகான் உறையிட்டது என்று ஒன்று இருக்கிறது. மற்றக் கம்பங்களில் தோல் நேராகப் பட்டால்தான் பிடிமானம் கிடைக்கும் என்பதால் அரைக்கால் சட்டை அணிய வேண்டியிருக்கிறது. சிலிகான் கம்பமோ துணியைப் பிடிக்கும், தோலில் பட்டால்தான் இழுத்து நோகச் செய்யும். முழு உடை அணிந்து பழக விரும்புகிற நம் ஊர்ப் பெண்களுக்கும், வீட்டில் பெரியவர்கள் முன்னிலையில் கூச்சப்படுகிறவர்களுக்கும் இது ஒரு பெரிய சௌகரியம்.

மலிவு என்ற பெயரில் விற்கப்படும் சில கம்பங்களைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். கேளிக்கைக்காகவே செய்யப்பட்டு, மெல்லிய தகட்டுக் குழாயை நாலைந்து துண்டுகளாக்கித் திருகிச் சேர்த்து, மேலும் கீழும் பிளாஸ்டிக் மூடி போட்டு விற்பவை ஏறுவதற்கு உரியவையல்ல. பக்கத்தில் நின்று ஆடுவதற்கு மட்டுமே ஆனவை. ‘இத்தனை கிலோ தாங்கும்’ என்று அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருப்பது அசையாமல் தொங்கும் பாரத்தைக் குறிக்குமேயன்றிச் சுழல்கிற பாரத்தைக் குறிக்காது. இவற்றை இனம் காண எளிய வழி எடை பார்ப்பது. நல்ல கம்பத்தைத் தூக்க ஓர் ஆள் தம் கட்ட வேண்டும், பொம்மைக் கம்பத்தை ஒரு சிறுமி அநாயாசமாகத் தூக்கிவிடுவாள். இணைப்புகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஒருவர் பழகிவிட்டு விற்கிற தரமான பழைய கம்பம், புதிய மலிவுக் கம்பத்தைவிட எத்தனையோ மடங்கு மேலானது. வாங்கும்போது திருகின் புரி தேய்ந்திருக்கிறதா, இணைப்பில் ஆட்டம் இருக்கிறதா, குழாயில் எங்கேனும் நசுங்கல் உண்டா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்துகொண்டால் என்ன என்ற கேள்வி இயல்பாகவே எழும். மாடிப்படிக் கைப்பிடிக்கு எவர்சில்வர் குழாய் வளைத்துத் தரும் பட்டறை இல்லாத ஊர் இன்று இல்லை. கைப்பிடிக்குப் பொதுவாக உபயோகிக்கும் இரண்டு அங்குலக் குழாய் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் விட்டம் என்பதால், பார்வைக்கு அது கம்பமாகவே தோன்றும். ஆனால் கைப்பிடிக் குழாயின் சுவர் மெல்லியது; நடுவில் ஒருவர் தொங்கிச் சுழன்றால் வளைந்துவிடும். கனமான சுவருள்ள, இணைப்பே இல்லாத ஒற்றைக் குழாய் கேட்டு வாங்க வேண்டும். எவர்சில்வரில் 304 என்ற ரகம் ஏறத்தாழ 18 சதவிகிதம் குரோமியமும் 8 சதவிகிதம் நிக்கலும் கொண்டது. 202 என்ற ரகத்தில் நிக்கலின் ஒரு பகுதிக்குப் பதிலாக மாங்கனீசு சேர்த்திருப்பதால் விலை குறையும், துரு எளிதில் பிடிக்கும். வியர்வைக் கை நித்தமும் படுகிற பொருளுக்கு 304 தான் ஏற்றது. பட்டறையில் செய்வதாயின் திருகி அழுத்தும் யந்திரத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்ய முயல்வதைவிட, உத்திரத்தில் ஆங்கர் போல்ட் இறக்கி ஒரு கிண்ணத் தகட்டைப் பொருத்தி, தரையிலும் அவ்வாறே ஒன்று அமைத்து, குழாயை அவற்றில் செருகிப் போல்ட்டால் பூட்டுவது மேல். ஆட்டம் முடிந்ததும் குழாயைக் கழற்றிவிடலாம். தகடுகள் மட்டும் நிற்கும். துளையிடும் முன் தளத்துக்குள் மின்கம்பிக் குழாய் ஓடுகிறதா என்று பார்ப்பதும், கட்டடப் பொறியியல் அறிந்த ஒருவர் இடத்தை நேரில் பார்த்து ஒப்புக்கொள்வதும் அவசியம். சொந்த வீட்டில் இருப்பவர்களுக்கு இதுவே குறைந்த செலவில் நிறைந்த பத்திரம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் அழுத்திப் பிடிக்கும் கம்பம்.

கரிசல் மண்ணில் வாழ்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மழையில் ஊதிப் பெருத்து, கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும் சுபாவம் இந்த மண்ணுக்கு. அதன் மேல் கடைகால் ஆழமில்லாமல் கட்டிய வீட்டின் தரையும் சுவரும் பருவத்துக்குப் பருவம் நுட்பமாக அசைந்துகொண்டிருக்கும். ஐப்பசியில் இறுக்கிய கம்பம் சித்திரையில் அதே இறுக்கத்தோடு இருக்கும் என்று நம்பக்கூடாது. ஒவ்வொரு முறை ஏறுமுன்னும் கம்பத்தை இரு கைகளாலும் பற்றி எல்லாத் திசையிலும் ஆட்டிப் பார்த்து, ரசமட்டம் வைத்துச் செங்குத்தைச் சரிபார்த்து, திருகைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அதற்காக அளவுக்கு மீறி முறுக்கினால் தளத்தின் பூச்சு வெடிக்கும். முற்றத்தில் மரக் கம்பம் நட எண்ணுகிறவர்களையும் இந்த மண் விடாது. மல்லர் கம்பம் தேக்கு, ஈட்டி முதலிய வைரம் பாய்ந்த மரத்தில் அடி பருத்து நுனி சிறுத்துக் கடைந்தது. தரைக்கு மேல் ஏறத்தாழ எட்டரை அடி நிற்கும். அதைக் கரிசலில் சும்மா குழி தோண்டி நட்டால் ஒரே மழைக்காலத்தில் சாய்ந்துவிடும். கரிசலை ஆழமாக வெட்டி எடுத்துவிட்டு, சரளைக் கல்லும் மணலும் போட்டுக் கெட்டித்துக் காங்கிரீட்டில் நிறுத்த வேண்டும். சாரத்துக்குப் பயன்படும் சவுக்குக் கம்பு மலிவானது என்று அதை நடுவது கூடாது. கணுவும் சிலும்பும் தோலைக் கிழிக்கும், உள்வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது.

கூரையும் இடம் தரவில்லை, முற்றமும் இல்லை என்றால் ஆசையை விட்டுவிட வேண்டுமா? வேண்டியதில்லை. மல்லர் கம்பத்தில் கயிற்றைப் பற்றிச் செய்யும் பிரிவு ஒன்று இருக்கிறது. முற்காலத்தில் பிரம்பில் செய்துவந்ததை, நல்ல பிரம்பு கிடைப்பது அரிதானபின் பருத்திக் கயிற்றில் செய்யத் தொடங்கினார்கள். பெண்கள் மிகுதியாகப் பழகுவதும் இதையே. கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே கயிற்றை இடுக்கிக்கொண்டு, முடிச்சு என்பதே போடாமல், உடலைச் சுற்றிச் சுற்றி அதிலேயே ஆசனங்களை நிகழ்த்தும் அழகை ஒருமுறை கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். கம்பத்துக்குத் தேவையான கைப்பிடி, தோள் பலம், வயிற்றின் இறுக்கம், தலைகீழாய் நிற்கும் துணிவு அனைத்தும் இதில் வந்துவிடும். சுழற்சி மட்டும் வராது. இதற்கு வேண்டுவது விரல் பருமனுள்ள பழுதற்ற பருத்திக் கயிறும், உத்திரத்தில் தளம் போடும்போதே கம்பியோடு கட்டிப் பதித்த ஊஞ்சல் கொக்கியுமே. பெரியவர்கள் இருவர் ஆடிய ஊஞ்சலைத் தாங்கிய கொக்கியாயின், துரு அரித்திருக்கிறதா என்று சோதித்துவிட்டு நம்பலாம். மின்விசிறிக் கொக்கியில் மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் கட்டக் கூடாது. அது ஓர் ஆளின் பாரத்துக்காக வைத்ததன்று. பயிற்சி முடிந்ததும் கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிடலாம். கம்பத்தின் விலையில் மிகச் சிறு பங்குகூட ஆகாத இதை, பணமில்லாதவர்களுக்கான இரண்டாந்தரமாக எவரும் கருத வேண்டாம். தன்னளவில் அது ஒரு முழுக் கலை.

பிடிமானப் பொடியைப் பற்றிச் சிவகாசிப் பக்கத்தார் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். உடற்பயிற்சி வீரர்களும் பளு தூக்குகிறவர்களும் கையில் பூசிக்கொள்ளும் வெள்ளைப் பொடி மெக்னீசியம் கார்பனேட், அது தீப்பற்றாது. பட்டாசுத் தொழிலில் புழங்கும் மெக்னீசியமோ உலோகத் தூள், கொழுந்துவிட்டு எரியும். பெயர் ஒன்றுபோல் ஒலிப்பதை நம்பி ஒன்றுக்கு மற்றொன்றைக் கொண்டுவருவது வீட்டையே ஆபத்துக்குள்ளாக்கும். ஆலையிலிருந்து எந்தப் பொடியையும் வீட்டுக்குக் கொண்டு வரவே கூடாது. வேலை முடிந்து வருகிறவர்கள் குளித்து உடை மாற்றிய பிறகே கம்பத்தைத் தொடுவது நல்லது. அலுமினியத் தூள் ஒட்டிய கை வழுக்கும் என்பதோடு, அந்தத் தூள் வீட்டுத் தரையில் படிவதும் நன்றன்று. மரக் கம்பத்தில் தோல் உராய்ந்து புண்ணாகாமல் இருப்பதற்காக விளக்கெண்ணெய் தடவுவார்கள். உருக்குக் கம்பத்துக்கோ உடம்பும் கம்பமும் உலர்ந்திருக்க வேண்டும், எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் ஏறவே கூடாது. கீழே விரிக்க இலவம்பஞ்சு மெத்தையைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. அது அமுங்கித் தரையைத் தொட்டுவிடும், கணுக்காலும் பிசகும். கெட்டியான ஃபோம் பாய் வாங்குவதற்குப் பணத்தில் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். தனியாக இருக்கும்போது தலைகீழ் நிலைகளைப் பழகலாகாது.

எல்லாவற்றையும் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான். ஏழாயிரம்பண்ணையில் பத்துப் பெண்கள் பத்துக் கம்பம் வாங்கிப் பத்துச் சிறு அறைகளில் தனித்தனியே அபாயத்தோடு பழகுவதைக் காட்டிலும், ஒரு பள்ளியின் மைதானத்தில் முறையாக நட்ட ஒரு மரக் கம்பமும், ஓர் உறுதியான சட்டத்திலிருந்து தொங்கும் இரண்டு கயிறுகளும், அவற்றைக் கற்றுக்கொடுக்கத் தெரிந்த ஓர் ஆசிரியையும் இருந்தால், செலவும் குறையும், உயிருக்கும் காவல் கிடைக்கும். விழுப்புரத்தில் இது நடந்திருக்கிறது. நம் கரிசல் பூமியில் நடக்காமல் இருக்கக் காரணம் எதுவும் இல்லை. இவ்வட்டாரத்துத் தலைமையாசிரியர்களும், பெற்றோர் ஆசிரியர் கழகத்தாரும், ஆண்டுதோறும் கோயில் கொடைக்கும் விளையாட்டு விழாவுக்கும் மனமுவந்து நன்கொடை வழங்கும் ஆலை முதலாளிகளும் வருகிற கல்வியாண்டு தொடங்குவதற்குள் இதை ஆலோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.